எந்த டிரைவில் நிறுவுவது என்று லினக்ஸ் ஏன் கேட்பதில்லை

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருகிறவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எஸ்எஸ்டி சின்னது, நிரம்பிக்கொண்டே வருகிறது. பக்கத்தில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் சும்மா கிடக்கிறது. இந்த மென்பொருளை அதில் நிறுவுவது எப்படி?" விண்டோஸில் நிறுவும்போதே ஒரு பெட்டி வந்து எங்கே வைக்கட்டும் என்று கேட்கும். சி என்பதை டி என்று மாற்றினால் வேலை முடிந்தது. லினக்ஸில் அந்தப் பெட்டியே வராது. நிறுவும் கருவியான ஏபிடியோ டிஎன்எஃப்போ பேக்கேஜை (மென்பொருள் பொதியை) இறக்கும், தனக்குத் தெரிந்த இடங்களில் பிரித்து வைக்கும், முடிந்தது என்று சொல்லிவிடும்.

இதற்கு "லினக்ஸில் அப்படியெல்லாம் முடியாது" என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை. கேட்டவருக்கு இடப் பிரச்சினை உண்மையாகவே இருக்கிறது. அதைத் தீர்க்க விண்டோஸில் இருப்பதைவிட நல்ல வழிகள் லினக்ஸில் இருக்கின்றன. கேள்வியைத்தான் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். எந்த ஃபோல்டர் வீங்குகிறது, அதன் அடியில் எந்த டிரைவைக் கொண்டுவந்து வைப்பது என்று கேட்டால் எல்லாம் வரிசையாக விளங்க ஆரம்பிக்கும்.

லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் கிடையாது. இருப்பது ஒரே மரம், அதன் வேர் வெறும் / குறி. எத்தனை டிரைவ் மாட்டினாலும் அவை இந்த மரத்தில் ஏதோ ஓரிடத்தில் போய்ச் சேர வேண்டும். அதைத்தான் மவுன்ட் செய்வது என்கிறோம். ஒட்டுக் கட்டுவது போலத்தான் இது: ஒட்டிய இடத்துக்கு மேலே இருப்பதெல்லாம் வேறு செடியுடையது, பார்ப்பவருக்கு ஒரே மரம். /ஹோம் என்ற ஃபோல்டரின் மேல் இரண்டாவது டிஸ்க்கை மவுன்ட் செய்துவிட்டால் பிரவுசருக்கோ எடிட்டருக்கோ ஒரு வித்தியாசமும் தெரியாது. அவை முன்பு போலவே /ஹோமில் எழுதும், எழுதுவது புது டிஸ்க்கில் போய் விழும்.

இந்த அமைப்பு பிறந்த கதையே டிஸ்க் நிரம்பிய கதைதான். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இயங்குதளம் ஒரு டிஸ்க்கில், பயனர்களின் கோப்புகள் இன்னொரு டிஸ்க்கில். அந்த இரண்டாவது டிஸ்க் மவுன்ட் ஆன இடம் /யூஎஸ்ஆர். முதல் டிஸ்க் போதாமல் போனதும் நிரல்களின் ஒரு பகுதியை இரண்டாவதற்கு நகர்த்தினார்கள். /பின் இருக்க /யூஎஸ்ஆர்/பின் என்று இன்னொன்று முளைத்தது அப்படித்தான். பயனர்கள் பிறகு வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள், நிரல்கள் அங்கேயே தங்கிவிட்டன. அந்தப் பிரிவினையைச் சரிசெய்ய ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின. லினக்ஸின் ஒரு வகையான ஃபெடோராவில், 2012-இல் வந்த 17-ஆம் பதிப்பில், இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இன்னொரு வகையான டெபியன் 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அதைக் கட்டாயமாக்கிவிட்டது.

சரி, பேக்கேஜ் ஏன் நமக்குப் பிடித்த இடத்தில் உட்காராது? லினக்ஸ் நிரல் ஒன்று தனியாக வருவதில்லை. நிரல் /யூஎஸ்ஆர்/பின்னில், அதற்கு வேண்டிய லைப்ரரிகள் (துணை நிரல் தொகுப்புகள்) /யூஎஸ்ஆர்/லிப்பில், அமைப்புக் கோப்பு /எட்சியில், ஐகானும் உதவிப் பக்கமும் /யூஎஸ்ஆர்/ஷேரில் என்று பிரிந்து உட்காரும். அந்த லைப்ரரிகளை வேறு பல நிரல்களும் பகிர்ந்துகொள்கின்றன. இந்தப் பாதைகள் பெரும்பாலும் நிரலைக் கட்டும்போதே உள்ளே பதிந்துவிடுகின்றன. ஃபெடோரா போன்றவை பயன்படுத்தும் ஆர்பிஎம் வடிவத்தில் இடம் மாற்றக்கூடிய பேக்கேஜ் என்று ஒரு வசதி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அப்படிக் கட்டித் தருகிறவர்கள் அரிது. மூல நிரலை எடுத்து நீங்களே கட்டினால் எந்த ஃபோல்டரிலும் வைக்கலாம். அதன் பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்களையும் நீங்களேதான் கவனிக்க வேண்டும். ஒரு மென்பொருளுக்காக அந்தச் சுமையைத் தலையில் ஏற்றிக்கொள்ள நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்படிச் சிரமப்படத் தேவையும் இல்லை. பகிர்ந்துகொள்வதால்தான் லினக்ஸில் நிரல்கள் குறைவான இடத்தைப் பிடிக்கின்றன. ஆபீஸ் தொகுப்பு, பிரவுசர், படம் திருத்தும் மென்பொருள், கம்பைலர் என்று எல்லாம் இருக்கும் சாதாரண மேசைக் கணினியிலும் /யூஎஸ்ஆர் பெரும்பாலும் பத்திருபது ஜிபிக்குள் நின்றுவிடும். 256 ஜிபி எஸ்எஸ்டியை நிரப்புவது அது கிடையாது. நிரப்புவது நிரல்கள் சேர்த்து வைக்கும் சரக்கு.

அந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் நகர்த்தாதீர்கள். டிஎஃப் கட்டளை எந்த டிரைவ் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும். எந்த ஃபோல்டர் தின்கிறது என்பதைச் சொல்வது டியூ. அதற்கு எக்ஸ் ஆப்ஷனைக் கொடுத்தால் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் (ஒன்றாக ஃபார்மேட் செய்த ஒரே பகுதிக்குள்) நின்று எண்ணும், மற்ற டிரைவ்களைச் சேர்த்துக் குழப்பாது. டெர்மினலிலேயே ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் பார்க்க என்சிடியூ அருமையான கருவி.

பார்த்தால் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான் கண்ணில் படும். ஒன்று /வார். டாக்கர் இமேஜ்கள் (நிரலை அதன் சூழலோடு கட்டிவைத்த பொதிகள்), தனக்கு வேண்டியதையெல்லாம் தன்னோடு கொண்டுவரும் ஃபிளாட்பேக், ஸ்னாப் மென்பொருள்கள், விர்ச்சுவல் மெஷின்களின் (கணினிக்குள் ஓடும் கணினிகளின்) டிஸ்க் கோப்புகள், இறக்கிய பேக்கேஜ்களின் கேஷ், பதிவேடுகள் எல்லாம் இங்கே. இவற்றில் சிலவற்றை நகர்த்தவே வேண்டாம், துடைத்தாலே போதும். ஏபிடியின் கேஷை அதன் கிளீன் கட்டளை ஒரு நொடியில் காலி செய்யும். கணினியின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் இயல்பாக அந்த ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரை, மிஞ்சினால் 4 ஜிபி வரை வளரும். அதற்கு 500 எம்பி என்று வரம்பு வைத்தால் மேசைக் கணினியில் ஒன்றும் குறையாது. ஸ்னாப் ஒவ்வொரு மென்பொருளின் பழைய பதிப்பையும் கூடவே வைத்திருக்கும். எத்தனை பதிப்பு என்ற எண்ணிக்கையை இரண்டுக்குக் கீழே இறக்க விடாது.

இன்னொன்று உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்கள். .கேஷ் என்பதற்குள் பிப் கருவி இறக்கிய பைத்தான் பேக்கேஜ்கள், ஹக்கிங் ஃபேஸ் தளத்திலிருந்து வந்த ஏஐ மாடல்கள். .லோக்கல்/ஷேர் என்பதற்குள் ஸ்டீம் விளையாட்டுகள். .வார்/ஆப் என்பதற்குள் ஃபிளாட்பேக் மென்பொருள்களின் தரவு. ஃபைல் மேனேஜர் இவற்றைச் சாதாரணமாகக் காட்டாது என்பதால் "ஹோமில் ஒன்றுமே இல்லையே, இடம் எங்கே போனது" என்று தேடுகிறவர்கள் அதிகம்.

நகர்த்துவதில் நான் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் அந்த மென்பொருளிடமே கேட்பது. ஸ்டீமில் சேமிப்பகம் என்ற அமைப்புப் பக்கத்தில் இன்னொரு டிரைவைச் சேர்த்துவிட்டு விளையாட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தலாம். டாக்கருக்கு அதன் டெமான் (பின்னணிச் சேவை) அமைப்புக் கோப்பில் டேட்டா-ரூட் என்று ஒரு வரி போதும், ஆனால் இமேஜ்களைக் கன்டெய்னர்டி என்ற துணைச் சேவை வழியாக வைத்துக்கொள்ளும் அமைப்பில் அவை /வார்/லிப்/கன்டெய்னர்டியில் இருக்கும், டேட்டா-ரூட் அவற்றைத் தொடாது. ஏஐ மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டும் ஒல்லாமா, தன் மாடல்களை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு சூழல் மாறியை (நிரல் தொடங்கும்போது படிக்கும் மதிப்பை) மதிக்கும். ஃபிளாட்பேக்தான் இதில் மிக நேர்த்தி. /எட்சி/ஃபிளாட்பேக்கின் கீழே ஒரு சிறு கோப்பில் பெயரும் பாதையும் எழுதிவிட்டால் இரண்டாவது டிரைவ் ஒரு தனி நிறுவல் இடமாகிவிடும். நிறுவும்போது அந்தப் பெயரைச் சொன்னால் மென்பொருளும் அது ஓடத் தேவையான ரன்டைமும் அங்கே போகும். தொடக்கத்தில் கேட்ட "டி டிரைவில் நிறுவுவது எப்படி" என்பதற்கு நேரடியான பதில் வேண்டுமென்றால் இதுதான். ஆப்இமேஜுக்கு இதுகூட வேண்டாம். ஒற்றைக் கோப்பு, எந்த டிரைவில் வைத்தும் ஓட்டலாம்.

மென்பொருளிடம் அப்படி வசதி இல்லையென்றால் பைன்ட் மவுன்ட். பெரிய டிரைவில் இருக்கும் ஒரு ஃபோல்டரை, பழைய பாதையின் மேல் கொண்டுவந்து மவுன்ட் செய்வது. சிம்லிங்க் போட்டாலும் வேலை நடக்கும், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் சிம்லிங்க் என்பது வேறு இடத்துக்குக் கை காட்டும் பலகை மட்டுமே, அதைப் பின்தொடர்ந்தால் போய்ச் சேர்வது வேறொரு பாதையில். ஸ்னாப், ஃபிளாட்பேக் போன்று தனி வேலிக்குள் அடைக்கப்பட்ட மென்பொருள்கள் கை காட்டிய இடத்துக்குப் போக அனுமதி இல்லாமல் நின்றுவிடும். பைன்ட் மவுன்டில் பாதையே மாறுவதில்லை என்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது. அடைக்கப்பட்ட மென்பொருள்களுக்கு இரண்டாவது டிரைவை நேராகவே காட்ட வேண்டுமென்றால், ஃபிளாட்பேக்கில் அந்தப் பாதைக்கு ஓவர்ரைடு (கூடுதல் அனுமதி) கொடுக்க வேண்டும். ஸ்னாப்பில் ரிமூவபிள்-மீடியா என்ற இணைப்பைத் திறந்துவிட வேண்டும். "டிரைவ் மவுன்ட் ஆகியிருக்கிறது, மென்பொருளுக்கு மட்டும் தெரியவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எதை நகர்த்துவது என்பதில் டிரைவின் வேகத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். படங்கள், பாட்டு, வீடியோ, எப்போதாவது ஆடும் விளையாட்டு எல்லாம் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகலாம். ஏஐ மாடல்கள் ஒரு முறை மெமரியில் ஏறிவிட்டால் அப்புறம் டிஸ்க்கைத் தொடுவதில்லை. ஏறும்போது மட்டும் காத்திருக்க வேண்டும். டேட்டாபேஸ், டாக்கர், பிரவுசர் புரொஃபைல் போன்றவை சிறு சிறு கோப்புகளை ஓயாமல் படித்து எழுதுகிறவை. இவற்றை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பினால் கணினியே மந்தமாகிவிடும். அவை எஸ்எஸ்டியில் இருக்கட்டும், மற்றவற்றை வெளியேற்றி அவற்றுக்கு இடம் கொடுங்கள்.

விண்டோஸிலிருந்து வந்த டிரைவ் என்றால் அது பெரும்பாலும் விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ் ஆகத்தான் இருக்கும். 2021-இல் வெளிவந்த 5.15 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மையக் கரு) லினக்ஸில் அதற்கு எழுதவும் தெரிந்த டிரைவர் உள்ளேயே இருக்கிறது. கோப்புகளைச் சேர்த்துவைக்க அது போதும். மென்பொருள் சார்ந்த எதையும் அதில் வைக்காதீர்கள். லினக்ஸின் உரிமையாளர், அனுமதி விவரங்கள் அதில் இயல்பாகப் பொருந்துவதில்லை. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட ஸ்டீம் தரும் புரோட்டான் தனக்கென உருவாக்கும் ஃபோல்டர்களில் முக்காற்புள்ளி கொண்ட பெயர்கள் வரும், விண்டோஸ் அவற்றை ஏற்காது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செயலில் இருந்தால், அதை ஷட்டவுன் செய்தாலும் டிரைவ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும், லினக்ஸ் அதை எழுத முடியாதபடி திறக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். அந்த டிரைவ் இனி லினக்ஸுக்கு மட்டும்தான் என்று முடிவாகிவிட்டால், உள்ளே இருப்பதை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு லினக்ஸின் சொந்த ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்துவிடுங்கள். பல தலைவலிகள் ஒரே நாளில் தீரும்.

இனிதான் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல வந்த விஷயம். ஃபைல் மேனேஜரில் டிரைவின் ஐகானைச் சொடுக்கினால் அது /மீடியாவின் கீழோ /ரன்/மீடியாவின் கீழோ மவுன்ட் ஆகும். படம் பார்க்க அது போதும். ஒரு மென்பொருளின் தரவை அந்தப் பாதையை நம்பி வைக்கக் கூடாது. சொடுக்காதவரை அந்தப் பாதையே கிடையாது. முந்தைய முறையின் வெறும் ஃபோல்டர் மிச்சமிருந்தால் டிரைவின் பெயரோடு 1 என்று சேர்ந்து வேறு பாதையில் போய் உட்காரும். நிரந்தரமாக இருக்கப் போகும் டிரைவுக்கு /எட்சியில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

அந்த வரியில் டிரைவை எஸ்டிஏ, எஸ்டிபி என்று குறிக்காதீர்கள். கெர்னல் எந்த டிரைவை முதலில் கண்டுபிடிக்கிறதோ அதற்கு முதல் பெயர், அடுத்த முறை வரிசை மாறலாம். ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்ணான யூயூஐடி அப்படி மாறாது. எல்எஸ்பிஎல்கே கட்டளையில் எஃப் ஆப்ஷனைக் கொடுத்தால் அதைப் பார்க்கலாம். அப்புறம், டிரைவ் வராவிட்டாலும் கணினி எழட்டும் என்று சொல்லும் நோஃபெயில் என்ற சொல். அது இல்லாவிட்டால், டிரைவ் கழன்றிருக்கும் நாளில் கணினி இயல்பாக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசர நிலைத் திரையில் போய் நின்றுவிடும். புதிதாக வந்தவர் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தால் எல்லாம் போய்விட்டது என்றே நினைப்பார். இன்னொன்று, எந்தப் பயனரும் மவுன்ட் செய்யட்டும் என்று யூசர் என்ற சொல்லைச் சேர்த்தால் அதோடு நோஎக்ஸெக்கும் சேர்ந்து வரும். அந்த டிரைவில் இருக்கும் எந்த நிரலும் ஓடாது. ஓட வேண்டுமென்றால் அதற்குப் பின்னால் எக்ஸெக் என்று எழுத வேண்டும்.

நோஃபெயில் போட்டதும் வேறொரு பக்கம் கவனிக்க வேண்டியதாகிறது. டிரைவ் வராவிட்டாலும் கணினி எழுந்துவிடும். ஆனால் மவுன்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் எஸ்எஸ்டியில் வெறும் ஃபோல்டராக அங்கேயே இருக்கும். டாக்கரோ டோரன்ட் மென்பொருளோ பேக்கப் ஸ்கிரிப்டோ அதைப் பார்த்து, டிரைவ் காலியாக இருக்கிறது என்று நினைத்து எழுத ஆரம்பிக்கும். எழுதுவது முழுக்கச் சிறிய எஸ்எஸ்டியில் விழும். மறுநாள் டிரைவ் சரியாக மவுன்ட் ஆனதும் அது பழைய ஃபோல்டரை மூடிக்கொள்ளும். இப்போது எஸ்எஸ்டி நிரம்பியிருக்கிறது, எதனால் என்று டியூவைக் கேட்டால் ஒன்றும் அகப்படாது, ஏனென்றால் அந்தக் கோப்புகள் மவுன்டின் அடியில் ஒளிந்திருக்கின்றன. டிஎஃப் சொல்லும் கணக்கும் டியூ சொல்லும் கணக்கும் வெகுதூரம் விலகியிருந்தால் இரண்டு காரணங்களைச் சந்தேகியுங்கள். ஒன்று, அழித்த பிறகும் ஏதோ ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பு. அந்த நிரலை நிறுத்தினால் இடம் திரும்பிவிடும். மற்றொன்று இந்த ஒளிந்திருக்கும் கோப்புகள். வேரை வேறொரு காலி ஃபோல்டரில் பைன்ட் மவுன்ட் செய்து அதன் வழியாக உள்ளே போனால், மூடியிருப்பது எல்லாம் தெரியும்.

இது வராமல் தடுக்க மிக எளிய வழி இருக்கிறது. டிரைவை மவுன்ட் செய்வதற்கு முன், வெறும் ஃபோல்டராக இருக்கும்போதே சிஎச்ஆட்டர் கட்டளையால் அதற்கு மாற்ற முடியாதது என்ற கொடியைக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அந்த வெறும் ஃபோல்டரில் ஒரு கோப்பை உருவாக்க முடியாது. மவுன்ட் செய்வதை அது தடுக்காது. டிரைவ் வந்தால் எல்லாம் வழக்கம் போல நடக்கும், வராவிட்டால் எழுத வரும் நிரல் உடனே பிழை சொல்லி நிற்கும். பிழை சத்தமாக வருவது நல்லது. சிஸ்டம்டி சேவைகளுக்கு இன்னொரு காவலும் உண்டு. அந்தச் சேவையின் அமைப்பில் ரிக்வயர்ஸ்மவுன்ட்ஸ்ஃபார் என்று எழுதிப் பாதையைக் கொடுத்தால், டிரைவ் மவுன்ட் ஆகும்வரை சேவை எழும்பாது. டாக்கரை இரண்டாவது டிரைவுக்கு மாற்றுகிறவர்கள் இந்த வரியைத் தவற விடவே கூடாது.

/ஹோம் முழுவதையும் வேறு டிரைவுக்கு மாற்றுவதும் இதே கணக்குதான். உங்கள் கணக்கில் நுழைந்திருக்கும்போது செய்யாமல், லைவ் யூஎஸ்பியில் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில்) எழுந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி மூலம் நகல் எடுங்கள். அனுமதிகள், ஹார்ட்லிங்க்குகள் (ஒரே கோப்புக்கு உள்ள பல பெயர்கள்), ஏசிஎல் என்ற விரிவான அனுமதிப் பட்டியல், கூடுதல் பண்புகள் எல்லாம் சேர்ந்து வர வேண்டும், அதற்குச் சின்ன ஏ, பெரிய எச், பெரிய ஏ, பெரிய எக்ஸ் என்ற நான்கு ஆப்ஷன்கள். பழைய ஹோமைப் பெயர் மாற்றி வைத்துவிட்டு, எஃப்எஸ்டேப் வரியை எழுதி, நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகே அழியுங்கள். இந்த ஏற்பாட்டின் பெரிய பலன் அடுத்த முறை லினக்ஸை மறுபடி நிறுவும்போது தெரியும். வேரை மட்டும் துடைத்துவிட்டு உங்கள் ஹோமை அப்படியே திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.

டிரைவ்களை ஒன்றுசேர்க்கத் தெரிந்த எல்விஎம் வைத்தோ, பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வைத்தோ இரண்டு டிரைவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே பெரிய இடமாக்கிவிடலாமே என்று கேட்பார்கள். முடியும். எல்விஎம்மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிரைவில் இருப்பதை இன்னொன்றுக்கு நகர்த்தலாம், அது உண்மையிலேயே அற்புதமான வசதி. ஆனால் ஒரே ஃபைல் சிஸ்டம் இரண்டு டிரைவ்களில் நீண்டு கிடந்தால், எது முதலில் செத்தாலும் முழுவதும் போகும். வேகமான எஸ்எஸ்டியையும் மெதுவான டிஸ்க்கையும் அப்படிச் சேர்த்தால் எந்தக் கோப்பு எதில் விழும் என்பதும் நம் கையில் இருக்காது. வீட்டுக் கணினியில் இரண்டு மூன்று டிரைவ் வைத்திருப்பவர்கள் அவற்றைத் தனித்தனி ஃபைல் சிஸ்டங்களாகவே விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீடியோக்களுக்காகப் பல டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டராகப் பார்க்க ஆசைப்பட்டால் மெர்ஜர்எஃப்எஸ் போதும். அதில் ஒவ்வொரு கோப்பும் முழுதாக ஏதோ ஒரு டிஸ்க்கில் இருக்கும், ஒன்று போனால் அதில் இருந்தவை மட்டும்தான் போகும். எந்த முறையில் சேர்த்தாலும் பேக்கப் தனியாக இருக்கத்தான் வேண்டும்.

கடைசியாக, ஈஎக்ஸ்டி4 ஆக ஃபார்மேட் செய்த டேட்டா டிரைவில் காத்திருக்கும் இடம் ஒன்று. ஈஎக்ஸ்டி4 இயல்பாக 5 சதவீதத்தை ரூட் பயனருக்கென ஒதுக்கி வைக்கிறது. வேர் ஃபைல் சிஸ்டத்தில் அது அவசியம், டிஸ்க் முழுக்க நிரம்பினாலும் ரூட் உள்ளே நுழைந்து சரிசெய்ய அது உதவும். படமும் வீடியோவும் மட்டும் இருக்கும் 4 டிபி டிரைவில் அதே 5 சதவீதம் 200 ஜிபி. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எம் ஆப்ஷனுக்கு 1 என்று கொடுத்தால் அதில் 160 ஜிபி உடனே உங்களுக்குத் திரும்பிவிடும். டிரைவைக் கழற்றவும் வேண்டாம், மறுபடி ஃபார்மேட் செய்யவும் வேண்டாம்.